பண்ணைப்புரம் தந்த பாவலர் வரதராஜன்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அண்ணல் அம்பேத்கர், பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா முதலான பெருமக்களைப் பற்றி எழுதுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் நம்மிடையே உள்ளனர். ஆதலின் பாட்டுப்பாடிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன் என்று விண்ணப்பித்துக்கொண்டேன். பாட்டுக்காரரைப் பற்றிக் கல்வி மலரில் எழுதுவதா என்று ஐயுற்ற அன்பர்களும் உண்டு. அவர்களும் பொறுமையுடன் படிப்பார்கள் என நம்புகிறேன்.

பாவலர் என்னும் பெயரை நான் முதன்முதலில் கண்டது ஏட்டில் அன்று, வெள்ளித்திரையில். 1981ஆம் ஆண்டு பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' என்னும் படம் நெய்வேலி நகரியத்துக்கு வந்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவன். படத்தின் தொடக்கத்தில் அதனைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ் என்று வந்தது. பாவலர் என்றால் புலவர் என்று எங்கள் தமிழாசிரியர் கற்பித்திருந்தார். படம் எடுப்பவர்க்குப் புலவரோடு என்ன உறவு என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவர் எங்கள் வட்டத்தில் குடியிருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். 1957 மே 20ஆம் நாள் பண்டித நேருவால் தொடங்கிவைக்கப்பட்ட பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்களை இழுத்துக்கொண்டது. அவர்களுள் அவரும் ஒருவர். உறவினர் அல்லரேனும் அவரை நான் பெரியப்பா என்றே அழைத்து வந்தேன். இரண்டாம் ஷிப்டு முடித்து நள்ளிரவில் வீடு திரும்பினாலும் மறுநாள் காலை வாசல் வேப்பமரத்தடியில் அமர்ந்து பாடத் தொடங்கிவிடுவார். பாவலர் என்றால் யார் என்று நான் கேட்டவுடன் அவர் விடை கூறவில்லை. முதலில் தாம் பிறந்த ஊரில் யார் யாருடைய பாட்டுக்கு மக்கள் மயங்கிக் கிடந்தனர் என்று ஒரு நீண்ட பட்டியலைச் சொன்னார். அந்தப் பட்டியலைக் கேட்டால்தான் பாவலர் யார் என்பது விளங்கும் என்பது அவருடைய துணிபு. அவர் முறையையே நானும் பின்பற்றுகிறேன்.

பட்டியலின் தலையில் நின்றவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்து 1933இல் தமது 27ஆம் வயதிலேயே மறைந்துபோன அந்த நாடகக் கலைஞரைப் பெரியப்பா பார்த்ததில்லை. பெரியப்பாவின் தந்தை பார்த்திருக்கிறார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல் அது. இசைத்தட்டில் அக்குரலை ஒருமுறை கேட்டுவிட்டு ஊரே ஒரு வாரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாம். அடுத்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். வறுமையால் இளமையில் இரயில் வண்டியில் பாடி நடந்த சிறுமி, நாடக மேடைக்கு வந்து, கிட்டப்பாவை மணந்து, அவர் மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டு, பின்னரும் நாட்டையே தம் குரலால் ஆண்டார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராக நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அக்காலத்தில் அத்தொகையைக் கேட்டு வாய்பிளக்காதவர் இல்லை. தேச விடுதலைக்காகக் காங்கிரசு மேடைகளில் பாடிய அவர் பின்னர்ச் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். பாட்டும் அரசியலும் ஒரே மேடையில் நிற்கலாம் என்று தமிழ்மக்களுக்குக் காட்டியவர்களுள் அவர் முன்வரிசையினர்.

பின்னர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதர் கிராப்பு வைத்துக்கொள்ளாத இளைஞன் அன்று ஊரில் இல்லை. அவருக்கு எதிர்ப்பாட்டாகப் புதுக்கோட்டை பி.யூ. சின்னப்பா. இவ்விருவர் பெயரால் ஊர் இரண்டுபட்டு நின்ற கதையைப் பெரியப்பா சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். 1942இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'நந்தனார்' படத்தில் நடித்த எம்.எம். தண்டபாணி தேசிகரையும் அவர் விடவில்லை.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நம்மவர் மிக விரும்பிக் கேட்ட பாடல்களுள் நந்தனார் பாடல்கள் தலையாயவை. அவற்றின் மூலமான 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாட்டுப்புற மெட்டுகளையும் எடுத்தாண்டு பாடியமையால் அது பாமரர் உள்ளத்தையும் தொட்டது. சிதம்பரமோ நமக்கு அண்மையில் உள்ள ஊர். நந்தனைப் பற்றிய பாட்டு இப்பகுதியில் காற்றோடு கலந்தது. ஆனால் நந்தனாகப் பாடியவர் எவரும் நந்தனின் சேரியிலிருந்து வந்தவர் அல்லர். நம் துயரைப் பிறர் பாடக் கேட்டு நாமே உருகினோம். பிறர் பாடியது குற்றமன்று. அவர்கள் அன்போடுதான் பாடினார்கள். எனினும் நந்தன் தன் வாயால் தன் கூலியைப் பற்றிப் பாடியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

அக்கேள்விக்கு மிக அண்மையில் வந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தைக் கல்விச் சங்கத்தார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். உடுமலை நாராயணகவி பாட்டெழுதினார். நந்தன் சிதம்பரம் போக வரம் கேட்டான். கிந்தனோ பள்ளிக்கூடம் போக வழி கேட்டான். படித்து உயர்ந்து ஊர் திரும்பினான். மாணவர்க்கு நூறு அறிவுரை கூறுவதினும் இந்த ஒரு காலட்சேபத்தைக் கேட்கச் செய்வது மேல் என்பது என் அனுபவம். பழைய மெட்டையும் பழைய கதையமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிவிட்ட நுட்பத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் பாவலரிடம் அது மீண்டும் வரும்.

இவ்வளவு பேரையும் சொல்லி முடித்தபின்னரே பெரியப்பா பாவலரிடம் வந்தார். பாகவதரைக் கேட்டோம், சின்னப்பாவைக் கேட்டோம், அவர்கள் எல்லாரும் பெட்டிக்குள்ளிருந்து பாடினார்கள், பாவலரோ எங்கள் தெருவில் நின்று பாடினார் என்பது அவர் கூறியதன் சுருக்கம்.

பண்ணைப்புரம் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். இன்று தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சார்ந்தது. 1996இல் தேனி தனி மாவட்டமாகும் வரை அது மதுரை மாவட்டத்தில் இருந்தது. மலைக்கு இப்பால் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்கள். அப்பால் தேயிலை, ஏலத் தோட்டங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் ஏழை மக்களுக்கு இவ்விரண்டுமே பிழைப்பு. வயலில் வேலை இல்லாதபோது மலையேறுவர். கங்காணியின் பேரேட்டில் பெயர் பதிந்து கொழுந்து பறிப்பர். வரதராஜனின் தந்தையார் ராமசாமியும் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர் என்பர். அவருடைய மனைவியருள் ஒருவரான சின்னத்தாயி அம்மையார் பெற்ற மக்களே பாஸ்கர், ராசையா, அமர் என்போர். வரதராஜன் இவர்களுக்கு மூத்தவர். வேறொரு தாய் வயிற்றுப் பிள்ளை. தாய் வேறாயினும் அண்ணன் என்னும் உறவில் குறைவில்லை. ராசையாவே பிற்காலத்தில் உலகறிந்த இளையராஜா. அமரே கங்கை அமரன்.

ஒடுக்கப்பட்ட குலத்தில், வசதியற்ற ஊரில் பிறந்த ஒரு மனிதருக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர் உளர். எனக்கு வியப்பில்லை. நாற்று நடுகையில் ஒன்று, ஏற்றம் இறைக்கையில் ஒன்று, பிணத்தின் முன் ஒன்று, பிள்ளைத் தொட்டிலின் அருகே ஒன்று என நம் வீடுகளில் பாட்டில்லாத வேளை எது? தெம்மாங்கு அந்த மண்ணின் சொத்து. வியப்புக்குரியது, அந்தப் பாட்டை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதே.

அவர் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகரானார். 1940களின் இறுதியில் தடை செய்யப்பட்டிருந்த அக்கட்சி, தடை நீங்கியபின் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும் வலிமையோடு வெளிப்பட்டது. கூலி, குத்தகை, நிலம் ஆகியவற்றைப் பற்றி எழுத்தறியாத மக்களிடம் பேச அதற்குப் பாட்டு தேவைப்பட்டது. தோழர் ஜீவானந்தம் பாட்டெழுதினார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அவ்வழியில் வளர்ந்து திரையுலகம் புகுந்தார். வரதராஜன் திரையுலகம் போகவில்லை. ஆர்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகப் போனார். பாவலர் என்னும் சிறப்புப் பெயர் இயற்பெயரினும் மிகுதியாக வழங்கலாயிற்று.

அவருடைய முறை எளிமையானது. மக்கள் ஏற்கெனவே விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்த திரைப்பாடல்களின் மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் தம் சொல்லைப் பெய்வார். இடையிடையே தெம்மாங்கு மெட்டும் வரும். இதனை நகல் என்று தள்ளுவாரும் உளர். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டுகளை நெருங்கும் எனக்கு அது நகலாகத் தோன்றவில்லை. கற்பிக்கும் முறையாகத் தோன்றுகிறது. ஒரு பாட்டைப் புதிதாகச் சொல்லித் தருவதில் இரண்டு சுமைகள் உண்டு. மெட்டைக் கற்பிக்க வேண்டும்; சொல்லையும் கற்பிக்க வேண்டும். மெட்டு முன்பே கேட்போர் தொண்டையில் இருக்குமானால் பாதிச் சுமை கழிந்தது. இரண்டாம் முறை பாடுகையில் கூட்டமே சேர்ந்து பாடிவிடும். மேலும், காதலன் காதலியைப் புகழ்ந்த மெட்டில் பண்ணையாரின் மரக்கால் அளவைப் பற்றிய சொற்கள் வந்து விழும்போது கேட்பவன் முதலில் சிரிப்பான். சிரித்து முடித்தபின் சிந்திப்பான். மேடைச் சொற்பொழிவு ஒரு மணி நேரத்தில் செய்வதை அப்பாட்டு நான்கு நிமிடத்தில் செய்துவிடும்.

இது தமிழுக்குப் புதிதும் அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் பார்சி நாடக மெட்டுகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் தமிழ்ச் சொல் பூண்டு உலவின. தொடக்ககாலத் தமிழ்ப் படங்களின் பாடல்கள் பல இந்திப் பட மெட்டுகள். எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்துக்கொண்டனர். பாவலர் திரையிலிருந்து எடுத்ததை வயல்வரப்புக்குக் கொண்டுவந்தார். அம்மெட்டுகளுள் சில முன்னொரு நாள் வயல்வரப்பிலிருந்து திரைக்குப் போனவைதாமே!

பாகவதரும் சுந்தராம்பாளும் கலைவாணரும் மக்கள் மனத்தில் போட்டுவைத்த பாதையில்தான் பாவலர் நடந்து வந்தார். அவர்களை நேசித்த செவிகள் இல்லாவிடில் இவருக்குக் கூட்டம் சேர்ந்திராது. இதனால்தான் பெரியப்பா பட்டியலிலிருந்து தொடங்கினார் என்பது எனக்குப் பல்லாண்டு கழித்தே விளங்கியது.

அவர் வாழ்வில் வரலாற்றோடு நேரே முட்டிய நிகழ்ச்சி 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தல். இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அந்த ஆறாத மனத்தாங்கல் மலைத்தோட்டங்களில் இருந்தது. மறு ஆண்டு நடந்த தேர்தலில் கேரளத்தின் 126 இடங்களில் பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களை வென்றது; சுயேச்சைகள் ஐவர் துணையோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் 1957 ஏப்ரலில் ஆட்சி அமைத்தது. ஓரிரண்டு இடம் குறைந்தாலும் ஆட்சி ஆட்டம் காணும் நிலை. தேவிகுளத்தில் வென்றிருந்தவர் ரோசம்மா புன்னூஸ் அம்மையார். எதிர்த்து நின்ற பி.கே. நாயரின் வேட்புமனு தள்ளப்பட்டது முறையன்று என்று வழக்கு எழுந்து, அம்மையாரின் வெற்றி செல்லாதாயிற்று. 1958 மே திங்களில் இடைத்தேர்தல் வந்தது.

வேட்பாளர் மலையாளத்தார், வாக்காளருள் பெரும்பகுதியினர் தமிழ்பேசும் தோட்டத் தொழிலாளர். மலையாளத்தில் எவ்வளவு சிறப்பாகப் பேசினாலும் கொழுந்து பறிக்கும் தாய்மார்க்கு அது போய்ச் சேராது. மலைக்கு இப்புறமிருந்து பாவலர் வரவழைக்கப்பட்டார். லயத்துக்கு லயம், தோட்டத்துக்குத் தோட்டம் என்று மலையேறிப் பாடினார். காங்கிரசின் அன்றைய சின்னம் இரட்டைக் காளை. அக்காளைகளை எள்ளி நகையாடி அவர் கட்டிய பாட்டொன்று பிள்ளைகள் வாயிலெல்லாம் பரவியது. தேர்தல் முடிவு ரோசம்மா அம்மையாருக்கே சாதகமாயிற்று. இவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்கு உரிய பங்கை முதல்வர் நம்பூதிரிபாடே ஒப்புக்கொண்டு பாராட்டினார் என்று பாவலர் குடும்பத்தார் நினைவுகூர்வர்.

ஓர் இடைத்தேர்தலை ஒரு பாட்டு மட்டுமே வென்று தந்தது என்று கூறுவது மிகை. தொழிற்சங்கத்தின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அங்கே இருந்தது. ஆனால் ஒரு மாநில அரசின் வாழ்வு ஊசலாடிய வேளையில், பட்டம் பெறாத, சபாக்கள் எவையும் அறிந்திராத, சேரியில் பிறந்த ஒரு பாடகரை ஆளுங்கட்சி மலைதாண்டி அழைத்தது என்னும் உண்மையே எனக்குப் போதும்.

பதினான்கு வயதளவில் தம்பி ராசையா அண்ணனின் குழுவில் சேர்ந்தான். பின்னர்ப் பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரில் நால்வரும் தென்னகமெங்கும் சுற்றினர். கட்சி மாநாடு, கோயில் திருவிழா, மாட்டுவண்டியில் ஒரு பயணம், பேருந்துக் கூரையில் ஒரு பயணம் எனப் பத்தாண்டுகள் கழிந்தன. உடையாத இளங்குரலால் சிறுவன் பெண்குரலில் பாடினான். குரல் உடைந்தபின் வாத்தியத்தின் பக்கம் திரும்பினான். பாவலர் கோயம்புத்தூரில் 85 ரூபாய்க்கு வாங்கிய ஆர்மோனியப் பெட்டியொன்று வீட்டில் இருந்தது. அதனைத் தம்பியர் தொடக்கூடாது என்பது கட்டளை. தொட்டால் பிரம்படி விழும். அண்ணன் வெளியே போனபின் தம்பி திருட்டுத்தனமாக வாசித்துப் பழகினான். பிரம்பை இன்று நாம் பள்ளியை விட்டே விலக்கிவிட்டோம், அது நல்லதே. ஆனாலும் பாவலரின் கண்டிப்பை எண்ணும்போது ஒன்று தோன்றுகிறது. அந்தப் பெட்டிதான் வீட்டின் சோறு. உடைந்தால் மறுபெட்டி வாங்க வழியில்லை. ஏழை வீட்டில் தகப்பன் கருவியைப் பிள்ளை தொடுவதைத் தடுப்பது எல்லா நேரமும் கொடுமை ஆகாது. அந்த ஆர்மோனியத்தைப் பிற்காலத்திலும் இளையராஜா போற்றிப் பாதுகாத்து வந்தார்.

மேடைப் பாட்டினால் குடும்பத்தில் செல்வம் சேர்ந்துவிடவில்லை. அதற்குச் சான்று வானொலிப் பெட்டியின் கதை. 1960களின் இறுதியில் தம்பியர் சென்னைக்குப் போய் இசைத்துறையில் முயலத் துணிந்தபோது கையில் பணமில்லை. சின்னத்தாயி அம்மையார் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாயை அவர்கள் கையில் கொடுத்தார். தமக்கென்று அதில் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்நிகழ்ச்சியைப் பல மேடைகளில் பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். தாயின் தியாகம் என்று கூறி முடித்துவிடுவர். எனக்கு அந்த வானொலிப் பெட்டியின்மீதே கண் போகிறது. பாகவதரும் சுந்தராம்பாளும் டி.எம். சௌந்தரராஜனும் அந்த வீட்டுக்கு வந்து பாடியது அதன் வழியாகத்தானே? அண்ணனுக்கு மெட்டுகளைத் தந்த பெட்டி, தம்பியர்க்கு வழிச்செலவாயிற்று.

1973இல் பாவலர் காலமானார். தம்பி அப்போது சென்னையில் பிறரிடம் உதவியாளராக இருந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, வாய்ப்புக்குக் காத்திருந்த காலம். மூன்றாண்டு கழித்து, 1976 மே திங்களில் 'அன்னக்கிளி' வெளிவந்தது. எங்கள் நகரியத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய வீடெல்லாம் அதே பாட்டு. திருமணம், மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் கோயில் செடல் எதுவானாலும் அதுவே. நான் சிறு குழந்தை; ஆயினும் மூன்றாம் வட்டத்திலிருந்து முப்பதாம் வட்டம் வரை அக்குரல் என்னைத் தொடர்ந்து வந்ததாக ஒரு நினைவு. வயலில் பாடும் தொனி திரைப்படத்திலிருந்து வருகிறதே என்று என் தாயார் வியந்தார்கள். அத்தொனியைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்று பக்குவப்படுத்திய மனிதர் அதைக் கேட்க இல்லை.

எங்கள் தலைமுறையார் தம்பியை முதலில் நேசித்தோம். அவர் வழியாகவே அண்ணனை அறிந்தோம். முந்தைய தலைமுறையார் பாகவதர் வழியாகப் பாவலரிடம் வந்தனர்; நாங்கள் இளையராஜா வழியாக வந்தோம். 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய அப்பெருங்கலைஞரைச் சாதி அடையாளத்தால் சுட்டுவது அவருக்கு உவப்பன்று என்பதை அறிவேன். அவர்மீது அதனை ஏற்றுவது என் நோக்கமும் அன்று. அண்ணனைப் பற்றியே பேசுகிறேன்.

இன்று பாவலரைப் பற்றிக் கேட்டால் இளையராஜாவின் அண்ணன் என்று மாணவன் விடை எழுதுகிறான். தவறான விடையன்று; மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அரை மதிப்பெண்தான் கொடுப்பேன். அவர் காலத்தில் திராவிட இயக்கத்துக்காகப் பாடிய நாகூர் ஹனிபாவின் குரல் இசைத்தட்டில் ஏறி, ஒலிநாடாவில் ஏறி, இன்றும் தேர்தல் காலத்தில் தெருவில் ஒலிக்கிறது. பாவலரின் குரலை நான் கேட்டதில்லை. நம் சங்கத்தின் நூலகத்தில் ஒலிநாடாக்கள் நிறைந்த பெட்டி ஒன்று உண்டு, அதில் இல்லை. எனக்கு அவர் குரல் என்பது வேப்பமரத்தடியில் பெரியப்பாவின் தொண்டையிலிருந்து வந்த குரலே. இருமலுக்கு இடையே, நிலக்கரித் தூசியேறிய தொண்டையோடு அவர் பாடிக்காட்டிய நாலைந்து பாட்டுகளையும் நான் எழுதிவைக்கவில்லை. பிள்ளைப் பருவம்; அருமை தெரியவில்லை. பெரியப்பா ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். பின்னர் ஒருமுறை நான் அப்பக்கம் சென்றபோது அவர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் நம் பையன் ஒருவன் நடவுப் பாட்டுப் பாட விரும்பினான். நல்ல குரல். அது விழாவுக்கு ஏற்றதன்று என்று பெயரை நீக்கிவிட்டார்கள். இளையவனாகிய நான் வாய் திறக்கவில்லை. முனைவர் கே.ஏ. குணசேகரன் (1955–2016) கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பேராசிரியராக நின்று நாட்டுப்புறப் பாட்டையும் தலித் மக்களின் பாட்டையும் தலை நிமிர்ந்து பாடியதைப் பின்னாளில் கேட்டபோது அந்தப் பையனின் முகம் என் கண்முன் வந்தது. பாவலர் தெருவில் நின்று பாடியதைக் குணசேகரன் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்.

நான் தலைமையாசிரியர் பொறுப்பேற்றபின், நம் சங்கத்தின் மாலை வகுப்பில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரத்தைப் பாட்டுக்கு ஒதுக்கச் சங்கத்தார் இசைந்தார்கள். பாடத்தில் உள்ளதை, பிள்ளைகள் அன்றைக்கு விரும்பிக் கேட்கும் படப்பாட்டின் மெட்டில் எழுதிவரச் சொல்வோம். எந்தப் பாடகர் பிடிக்கும் என்று முதலில் கேட்டு, கரும்பலகையில் பெயர்களை எழுதிக்கொள்வது வழக்கம். நான் கேள்வியுறாத பெயர்கள் பல வரும். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒப்பந்தத் தொழிலாளியான தன் தந்தையின் சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தங்களை வரிசையாக வைத்து ஒரு குத்துப்பாட்டு மெட்டில் பாட்டுக் கட்டிவந்தாள். கூட்டல் கழித்தல் சரியாக இருந்தது. வகுப்பு சிரித்தது, இரண்டாம் முறை எல்லாரும் சேர்ந்து பாடினர். அதன் பிறகே நான் பாவலர் வரதராஜனின் பெயரைக் கரும்பலகையில், அவர்கள் சொன்ன பெயர்களுக்குக் கீழே எழுதினேன்.